சாரல் ஊரில் ஒரு அம்பாசடர்: பழைய காருக்கு போல்ட், நட்டு தேர்ந்தெடுப்பது எப்படி?

செங்கோட்டையில் பழைய கார் வைத்திருப்பவருக்குத் துருவைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஜூன் பிறந்தால் ஆரியங்காவுப் பக்கமிருந்து சாரல் உள்ளே வரும். அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும். என்னுடையது 1974 மாடல் அம்பாசடர் மார்க் 2. பானெட்டைத் தூக்கி, ஓரத்து வாய்க்காலில் மக்கிக் கிடந்த பலா இலைச் சருகை அள்ளினேன். போல்ட் தலைகள் இருந்த இடத்தில் செதில் செதிலாகப் பழுப்பு நிறம்தான் இருந்தது. ஸ்பேனர் வைத்ததும் ஒரு தலை முனை மழுங்கி அப்படியே உருண்டுவிட்டது.

போல்ட் மாற்ற நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எது பளபளன்னு இருக்கும்?" என்றுதான். நான் முதலில் பார்க்கச் சொல்வது மரையை, அதாவது போல்ட்டைச் சுற்றி ஓடும் புரியை. அடுத்தது பலம். அழகு மூன்றாவது. அழகும் முக்கியம்தான், ஆனால் அதன் முறை வரும்வரை காத்திருக்கட்டும்.

படி 1: கழற்றும்போதே பிரித்து வையுங்கள்

முந்தின நாள் மாலையே துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஊற வையுங்கள். ஒரு முட்டை அட்டை எடுத்து, குழிக்கு ஓர் இடத்து போல்ட், வாஷர், நட்டு என்று போட்டு, பக்கத்தில் எழுதி வையுங்கள். எவ்வளவு துருப்பிடித்திருந்தாலும் பழையதை எறியாதீர்கள். கடைக்கு எடுத்துப்போக அதுதான் சாம்பிள்.

படி 2: மரையைக் கண்டுபிடியுங்கள்

அம்பாசடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3 வழி வந்த கார். அதனால் இஞ்ச் கணக்கு, பெரும்பாலும் யுஎன்எஃப் எனப்படும் நெருக்கமான மரை. நம் பட்டறைகளில் இஞ்சை எட்டாகப் பிரித்து நூல் கணக்கில் சொல்வார்கள். இரண்டு நூல் என்றால் கால் இஞ்ச், இரண்டரை நூல் 5/16, மூன்று நூல் 3/8. யுஎன்எஃபில் கால் இஞ்ச் போல்ட்டுக்கு ஓர் இஞ்ச் நீளத்தில் 28 மரை இருக்கும். 5/16, 3/8 இரண்டுக்கும் 24.

ஃபியட் 1100 வழி வந்த பிரீமியர் பத்மினி என்றால் மில்லிமீட்டர் கணக்கு. 1990களில் வந்த இசுசூ இன்ஜின் அம்பாசடர் என்றால் இன்ஜின் மில்லிமீட்டர், பாடி இஞ்ச். ஒரே காரில் இரண்டும் இருக்கும், கவனம்.

பலரும் ஏமாறும் இடம் இரண்டரை நூல். 5/16 இஞ்ச் என்பது 7.94 மி.மீ. எட்டு எம்எம் போல்ட்டோடு வைத்துப் பார்த்தால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் ஒன்றில் மரைக்கு மரை தூரம் 1.06 மி.மீ., மற்றதில் 1.25. டைனமோ பிராக்கெட்டுக்கு போல்ட் கேட்டுப் போனபோது, "ரெண்டரை நூலும் எட்டு எம்எம்மும் ஒண்ணுதான் தம்பி, போட்டு முறுக்குங்க" என்றார் ஒரு கடைக்காரர். முறுக்கினேன். இரண்டு சுற்று போய் இறுகியது. நன்றாகப் பிடித்துவிட்டது என்று நம்பினேன். ஒரு மாதம் கழித்துப் புளியரை எஸ் வளைவில் ஏறும்போது, டைனமோ தளர்ந்து அதன் பெல்ட் கீச்சிட்டது. போல்ட்டைக் கழற்றினால் துளையின் மரை, மெல்லிய கம்பிச் சுருள் மாதிரி உரிந்து அதோடு வந்தது. லேத் பட்டறையில் துளையைப் பெரிதாக்கி, புஷ் அடித்து, மறுபடி யுஎன்எஃப் மரை போட வேண்டியதாயிற்று.

ஏமாறும் இன்னோர் இடம் விட்வொர்த் எனப்படும் பழைய பிரிட்டிஷ் இஞ்ச் மரை. சாதாரண ஹார்டுவேர் கடையில் இஞ்ச் போல்ட் கேட்டால் பெரும்பாலும் இதைத்தான் எடுத்துத் தருவார்கள். 5/16 விட்வொர்த்துக்கு இஞ்சுக்கு 18 மரைதான், மரையின் கோணமும் 55 டிகிரி. யுஎன்எஃபுக்கு 60. இரும்பு கேட்டுக்கு அது போதும், காருக்கு வேண்டாம்.

சோதிப்பது எளிது. நட்டை விரலால் மட்டும் சுற்றுங்கள். கடைசி மரை வரை தடையில்லாமல் ஓட வேண்டும், லொடலொடவென்று ஆடவும் கூடாது. மரை இடைவெளியை ஒப்பிட்டுப் பார்க்கும் பிட்ச் கேஜ் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டால் சந்தேகமே வராது. அப்படியே அரை இஞ்ச் ரிங் ஸ்பேனர் ஒன்றும் வாங்கிவிடுங்கள். 5/16 போல்ட்டின் தலை 12.7 மி.மீ. பதின்மூன்று எம்எம் ஸ்பேனர் பொருந்துவது போலத் தெரியும், ஆனால் தலையை உருட்டுவதே அதுதான்.

படி 3: தலையில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

மில்லிமீட்டர் போல்ட்டில் 8.8 என்று இருந்தால் அது அறுவதற்கு 800 மெகாபாஸ்கல் இழுவிசை வேண்டும், 640 வரை நிரந்தரமாக நீளாது. இஞ்ச் போல்ட்டில் எண்ணுக்குப் பதில் கோடுகள் இருக்கும். மூன்று கோடு கிரேடு 5, கிட்டத்தட்ட 8.8-க்குச் சமம். ஆறு கோடு கிரேடு 8. ஒன்றுமே இல்லாத மொட்டைத் தலை போல்ட்டை பாரம் தாங்கும் இடத்தில் போடாதீர்கள்.

ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஏ2-70 என்றிருக்கும். இதற்கு இழுவிசை 700, ஆனால் 450-லேயே நீளத் தொடங்கிவிடும். அதனால் ஸ்டீரிங், சஸ்பென்ஷன், பிரேக், பின்பக்கப் பட்டை வில்லின் (லீஃப் ஸ்பிரிங்) யு-போல்ட், சீட் பெல்ட் ஆகிய இடங்களில் ஸ்டெயின்லெஸ் வேண்டவே வேண்டாம். எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. அந்தக் காரில் உட்காரப்போவது உங்கள் வீட்டார்.

படி 4: இப்போது அழகு

ஃபெண்டர் ஓரம், நம்பர் பிளேட், ரேடியேட்டர் தகடு போன்ற இடங்களில் ஸ்டெயின்லெஸ் தாராளமாகப் போடலாம். நம் மலையடிவாரத்துக்கு 304 ரக ஸ்டெயின்லெஸ் போதும். கொல்லம், கன்னியாகுமரி மாதிரி கடலோரம் என்றால் 316 வாங்குங்கள். அலுமினியத்தோடு ஒட்டினால் ஈரத்தில் அலுமினியம் அரிக்கும், நடுவில் நைலான் வாஷர் வையுங்கள். ஸ்டெயின்லெஸ் நட்டும் போல்ட்டும் வேகமாக முறுக்கினால் ஒன்றோடொன்று கடித்து அப்படியே நின்றுவிடும், பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். கடிக்காமலிருக்க ஆன்டி-சீஸ் பேஸ்ட் தடவி, கையால் மெதுவாக முறுக்குங்கள்.

இன்ஜின் அறைக்குள் எனக்குப் பிடித்தது மஞ்சள் ஜிங்க் பூச்சு போட்ட அறுகோணத் தலைதான். அந்தக் காலத்துக் காருக்கு அது உறுத்தாமல் பொருந்தும், நடுவில் அறுகோணக் குழி உள்ள ஆலன் தலை பொருந்தாது. கறுப்பு போல்ட் கடையில் கம்பீரமாக இருக்கும், ஆனால் வெறும் கறுப்பேற்றியது ஒரு சாரலைத் தாங்காது. 10.9 அல்லது அதற்கு மேற்பட்ட பலமுள்ள போல்ட்டை உள்ளூரில் குரோம் முலாமுக்குக் கொடுக்காதீர்கள். முலாம் பூசும்போது ஹைட்ரஜன் உள்ளே புகுந்து, சூடேற்றி வெளியேற்றாவிட்டால், பாரம் ஏறியபின் சொல்லாமல் கொள்ளாமல் உடையும். பம்பருக்கு, மேலே ஸ்டெயின்லெஸ் தொப்பி போட்ட உருண்டைத் தலை போல்ட் கிடைக்கும். அதையே கேட்டு வாங்குங்கள்.

படி 5: பூட்டும் முறை

தளராமலிருக்க உள்ளே நைலான் வளையம் வைத்த நைலாக் நட்டு சுமார் 120 டிகிரி சூடு வரைதான் தாங்கும். சைலன்சர் மானிஃபோல்டுக்குப் பித்தளை நட்டு போடுங்கள், பின்னால் கழற்றவும் சுலபம். நட்டு கழலாமலிருக்கத் துளையில் செருகி மடக்கும் காட்டர் பின்னை ஒருமுறை கழற்றினால், அடுத்து புதிதுதான் போட வேண்டும்.

படி 6: முறுக்கி, கோடு போடுங்கள்

எவ்வளவு விசையில் முறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் இரவல் வாங்குங்கள். எட்டு எம்எம் 8.8 போல்ட்டுக்கு, எண்ணெய் இல்லாத மரையில், சுமார் 25 நியூட்டன் மீட்டர் போதும். பேஸ்ட் தடவியிருந்தால் அதைவிடக் குறைவு. காரின் சர்வீஸ் புத்தகத்தில் அளவு இருந்தால் அதன்படி செய்யுங்கள். இறுக்கியபின் நட்டின் மேலிருந்து பக்கத்துத் தகடு வரை வெள்ளைப் பெயிண்டால் ஒரு மெல்லிய கோடு இழுங்கள். புனலூர் வரை ஒரு தடவை ஓட்டிவிட்டு வந்து, டார்ச் அடித்துப் பாருங்கள். எந்த நட்டில் கோடு விலகியிருக்கிறதோ அதைக் கழற்றி மரையைப் பார்த்துவிட்டு மறுபடி முறுக்குங்கள்.