இரும்புக் கம்பியில் இரும்பு எத்தனை சதவீதம்? பெர்மாங்கனேட் வழியில் கண்டறிவது

உலோகத்தை அமிலத்தில் கரைத்து, வெளிவரும் ஹைட்ரஜனை அளந்தும் தூய்மையைக் கணக்கிடலாம். ஆனால் கம்பியில் துத்தநாகப் பூச்சோ மாங்கனீசோ இருந்தால் அவையும் ஹைட்ரஜனை வெளியிட்டு இரும்பின் கணக்கில் ஏறிவிடும். பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, செலவான அளவிலிருந்து இரும்பைக் கணக்கிடும் பெர்மாங்கனேட் தரம்பார்த்தலில் இந்தச் சிக்கல் வராது. அமிலக் கரைசலில் பெர்மாங்கனேட் ஃபெரஸ் அயனியோடு (Fe²⁺) வினைபுரியும். துத்தநாக அயனியையும் மாங்கனஸ் அயனியையும் தொடாது. பிளஸ் டூ ஆய்வகத்தில் ஃபெரஸ் சல்பேட்டுக்குச் செய்யும் அதே தரம்பார்த்தல்தான். கம்பியைக் கரைக்கும் கட்டம் மட்டுமே புதிது. பெரும்பாலான பிழைகள் அங்கேதான் நுழைகின்றன.

கணக்கை முதலிலேயே முடித்துக்கொள்ளலாம். ஒரு மோல் இரும்பு கரைந்தால் ஒரு மோல் ஃபெரஸ் கிடைக்கும். ஐந்து மோல் ஃபெரஸுக்கு ஒரு மோல் பெர்மாங்கனேட் செலவாகும். ஆகவே 0.0200 மோலார் பெர்மாங்கனேட் 1 மி.லி. என்பது 0.02 × 5 × 55.85 = 5.585 மி.கி. இரும்புக்குச் சமம்.

கம்பியை உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, அசிட்டோனில் கழுவி உலர்த்துங்கள். துருவை விட்டுவைத்தால் அதிலுள்ள ஃபெரிக்கை (Fe³⁺), கரைந்துகொண்டிருக்கும் இரும்பே ஃபெரஸாக ஒடுக்கிவிடும். துருவின் இரும்பும் உலோகமாகக் கணக்கில் சேரும். பிறகு சுமார் 1.4 கிராம் நறுக்கி, மில்லிகிராம் வரை துல்லியமாக நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

250 மி.லி. கூம்புக் குடுவையில் 1 மோலார் கந்தக அமிலம் 100 மி.லி. எடுங்கள். (94 மி.லி. தண்ணீரில் 6 மி.லி. அடர் அமிலத்தைச் சிறிது சிறிதாக விட்டால் ஏறத்தாழ இந்தச் செறிவு வரும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றவே கூடாது.) இரும்பின் தேவையைப் போல் இது நான்கு மடங்கு, மிச்ச அமிலம் கரைசலைக் காக்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டாம்: குளோரைடும் பெர்மாங்கனேட்டைத் தின்று விடையை உயர்த்தும். நைட்ரிக் அமிலமோ ஃபெரஸை ஃபெரிக்காக்கிவிடும்.

கம்பியோடு ஒரு சிட்டிகை சோடியம் பைகார்பனேட் போட்டால் எழும் கார்பன் டை ஆக்சைடு காற்றை வெளியே தள்ளும். குடுவையின் தக்கையில் சிறு கண்ணாடிக் குழாய் செருகி, அதில் ஒரு ரப்பர் குழாய்த் துண்டை மாட்டுங்கள். ரப்பரின் பக்கத்தில் பிளேடால் நெடுக்காக 1 செ.மீ. கீறி, மேல்முனையைக் கண்ணாடித் துண்டால் அடைத்துவிடுங்கள். உள்ளிருக்கும் வாயு கீறல் வழியே வெளியேறும். காற்று உள்ளே வராது. வெந்நீர்த் தொட்டியில் வைத்து மெதுவாகச் சூடாக்குங்கள். ஹைட்ரஜன் வருவதால் பக்கத்தில் தீச்சுடர் எதுவும் இருக்கக் கூடாது.

குமிழி அடங்கியதும் ஆறவிடுங்கள். அடியில் கருந்துகள் மிஞ்சினால் பெரும்பாலும் அது கார்பன். வடிகட்டி, வடிதாளை நீர்த்த கந்தக அமிலத்தால் இரண்டு மூன்று முறை கழுவி, கழுவிய நீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரால் திட்டக் குடுவையில் 250 மி.லி. ஆக்குங்கள். சாதாரணத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் ஃபெரஸின் அளவைக் குறைக்கும். கரைசல் வெளிர் பச்சையாக இருக்க வேண்டும். மஞ்சள் ஏறியிருந்தால் ஒரு பகுதி ஃபெரிக்காகிவிட்டது என்று பொருள். அதை விட்டுவிட்டு மறுபடி கரைப்பதே நல்லது.

25.0 மி.லி. பிப்பெட்டில் எடுத்து, 20 மி.லி. நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, பியூரெட்டிலிருந்து பெர்மாங்கனேட்டை விட்டுத் தரம்பாருங்கள். ஆக்சாலிக் அமிலத்துக்குச் சூடாக்கிய பழக்கத்தில் இதையும் சூடாக்கிவிடாதீர்கள். சூட்டில் காற்று ஃபெரஸை வேகமாக ஆக்சிஜனேற்றும். வெளிர் இளஞ்சிவப்பு அரை நிமிடம் நிலைத்தால் முடிவுநிலை. கடைசியில் மஞ்சள் தெரிந்து நிறத்தை மறைத்தால் 5 மி.லி. பாஸ்பாரிக் அமிலம் விடுங்கள். பழுப்புக் கலங்கல் வந்தால் அமிலம் போதவில்லை. பியூரெட்டில் அடர்நிறம் வளைவின் அடியை மறைப்பதால், தொடக்கத்திலும் முடிவிலும் மேல் விளிம்பையே படியுங்கள். அடுத்தடுத்து இரண்டு அளவுகள் 0.1 மி.லி.க்குள் ஒத்துப்போகும் வரை தொடருங்கள்.

எடுத்துக்காட்டாக, கம்பி 1.402 கிராம், பெர்மாங்கனேட் 24.60 மி.லி. என்று வைத்துக்கொள்வோம். 24.60 × 5.585 = 137.4 மி.கி.; முழுக் கரைசலுக்குப் பத்து மடங்கு, 1.374 கிராம். தூய்மை 98.0%. பத்தால் பெருக்க மறந்து 9.8% என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. 25 மி.லி.யில் 0.1 மி.லி. பிசகினால் 0.4% மாறும் என்பதால் 98.00 என்று எழுதுவதில் பொருளில்லை.

விடை 100ஐத் தாண்டினால் முதலில் பெர்மாங்கனேட்டைச் சந்தேகியுங்கள். அது தேங்கத் தேங்கச் சிதைந்து மாங்கனீசு டை ஆக்சைடாகும். செறிவு 0.0200க்குக் கீழே இறங்கியிருந்தால் அதிக மி.லி. செலவாகி, இல்லாத இரும்பைக் காட்டும். அதே நாளில் 9.80 கிராம் மோர் உப்பை (ஃபெரஸ் அமோனியம் சல்பேட்), சிறிது கந்தக அமிலம் கலந்த தண்ணீரில் கரைத்து 250 மி.லி. ஆக்கி, அதில் 25.0 மி.லி. எடுத்துத் தரம்பாருங்கள். 25.0 மி.லி. பெர்மாங்கனேட் செலவானால் செறிவு சரி, 25.5 ஆனால் செறிவு 0.0196தான், 5.585க்குப் பதில் 5.47ஐக் கணக்கில் போடுங்கள்.