ஆன்-ரோடு விலைத் தாளைப் பென்சிலோடு படிப்பது எப்படி

போன வருடம் கார் வாங்கப் போனபோது ஷோரூமில் கொடுத்த கொட்டேஷனில் பதினான்கு வரிகள் இருந்தன. கடைசி வரியில் ‘ஆன்-ரோடு’, அதாவது வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்துக் கட்ட வேண்டிய மொத்த விலை, 9,86,000 ரூபாய் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். விற்பனைப் பையன் அந்த ஒரு எண்ணுக்கு மட்டும் வட்டம் போட்டு, “மேடம், மாசத் தவணை இவ்வளவுதான் வரும்” என்று அடுத்த தாளுக்குப் போய்விட்டார். நான் மருந்து மொத்தக் கடையில் கணக்கு பார்ப்பவள். பில்லை வரி வரியாகப் பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. தாளை வாங்கி, பையிலிருந்து பென்சிலை எடுத்தேன்.

நீங்களும் முதலில் அதைச் செய்யுங்கள். ஒவ்வொரு வரிக்கும் எதிரில் அந்தப் பணம் யாருக்குப் போகிறது என்று எழுதுங்கள். அரசுக்கு என்றால் ‘அ’. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு என்றால் ‘இ’. ஷோரூமுக்கு என்றால் ‘ஷோ’. ‘அ’ போட்ட வரியில் பேரம் கிடையாது. தமிழ்நாட்டில் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையிலான காருக்குச் சாலை வரி 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 18, 20 லட்சத்தைத் தாண்டினால் 20. அது போகத்தான் போகும். மிச்ச இரண்டு எழுத்துகளில்தான் நமக்கு வேலை.

என் தாளில் ‘இ’ வரி 43,700 ரூபாய். காரின் எக்ஸ்-ஷோரூம் விலை, அதாவது சாலை வரியும் இன்சூரன்ஸும் சேராத விலை, 7,85,000, எஞ்சின் 1,197 சிசி. புதுக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை (நம் கார் மோதி அடுத்தவருக்கு ஆகும் பாதிப்புக்கானது) மூன்று வருடத்துக்குச் சேர்த்து எடுக்க வேண்டும். உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2018 செப்டம்பரிலிருந்து அப்படித்தான். இதன் கட்டணத்தை அரசு நிர்ணயிப்பதால் எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் ஒரே விலைதான். 1000 முதல் 1500 சிசி வரை மூன்று வருடத்துக்கு 10,640, அதற்கு மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம். ஆக, 43,700-இல் பன்னிரண்டாயிரத்து ஐநூறு சொச்சம் போக மீதியில் பெரும்பகுதி, நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடும் அதன் மேல் ஏற்றிய ஆட்-ஆன்களும் (கூடுதல் காசுக்குச் சேர்க்கும் பாதுகாப்புகள்). கம்பெனிக்குக் கம்பெனி விலை மாறுவது இந்தப் பகுதியில்தான்.

அன்று இரவே வீட்டில் உட்கார்ந்து வெளியே கொட்டேஷன் எடுத்தேன். கொட்டேஷனுக்குக் காரின் மாடலும் ஆர்டிஓவும் போதும். பாலிசி எடுக்கும்போதுதான் சேசிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் வேண்டும். ஒப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஐடிவி, அதாவது கார் திருடு போனாலோ முழுதாக நாசமானாலோ கம்பெனி தரும் உச்சத் தொகை, இரண்டு தாளிலும் ஒன்றாக இருக்க வேண்டும். புதுக் காருக்கு அது எக்ஸ்-ஷோரூம் விலையில் 5 சதவீதம் குறைத்தது. என் காருக்கு 7,45,750. சில இடங்களில் ஐடிவியை ஆறரை லட்சமாக்கிவிட்டுப் பிரீமியம் மலிவு என்பார்கள். ஏமாறாதீர்கள்.

அதே ஐடிவி, அதே ஆட்-ஆன்கள், அதே கம்பெனி. வெளியே 31,200. மறுநாள் போனைத் திருப்பிக் காட்டினேன். “வெளிய எடுத்தா கேஷ்லெஸ் வராது மேடம்” என்றார் பையன். கேஷ்லெஸ் என்றால் ரிப்பேர் பணத்தைக் கம்பெனியே சர்வீஸ் சென்டருக்கு நேராகக் கொடுப்பது. வரும். அந்த சர்வீஸ் சென்டர் அந்தக் கம்பெனியின் பட்டியலில் இருந்தால் போதும், பாலிசியை யார் விற்றார் என்பது கணக்கில் இல்லை. அடுத்து, “அப்போ டிஸ்கவுன்ட் கட் ஆயிடும்” என்றார். அதை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொன்னேன். உள்ளே போனவர் மேனேஜரோடு வந்தார். பத்து நிமிடத்தில் 43,700 என்பது 33,500 ஆனது.

டீலர் தன்னிடம்தான் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2017-லேயே விதி போட்டிருக்கிறது. மிரட்டினால் 155255 என்ற இலவச எண்ணில் புகார் சொல்லலாம். ஆனால் டிஸ்கவுன்ட் குறைப்பதாக எழுத்திலேயே சொன்னார்கள் என்றால் கோபப்படாமல் கணக்குப் போடுங்கள். வெளியே எடுத்து 12,500 மிச்சமாகி, டிஸ்கவுன்டில் 15,000 போனால் யாருக்கு லாபம்? நான் கடைசியில் 2,300 கூடக் கொடுத்து ஷோரூமிலேயே எடுத்தேன். முதல் வருடம் க்ளெய்ம் என்று வந்தால் ஒரே இடத்தில் சண்டை போடலாமே என்றுதான். இரண்டாம் வருடம் வெளியே. அப்போது மூன்றாம் நபர் காப்பீடு ஏற்கெனவே கட்டியாகிவிட்டது, சொந்த சேதத்துக்கான பாலிசி மட்டும் கேட்டு வாங்க வேண்டும்.

இதில் நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். வீட்டிலிருந்த பழைய கார் அப்பா பெயரில் இருந்தது. க்ளெய்மே இல்லாமல் ஓட்டியதால் 50 சதவீத நோ க்ளெய்ம் போனஸ், அதாவது சொந்த சேதப் பிரீமியத்தில் தள்ளுபடி, சேர்ந்திருந்தது. அந்த போனஸ் காருக்கு இல்லை, ஆளுக்கு. பழைய காரைக் கொடுத்துவிட்டுக் கம்பெனியிடம் ஒரு கடிதம் வாங்கினால் அதே ஆள் வாங்கும் புதுக் காருக்கு அது வரும். நான் புதுக் காரை என் பெயரில் புக் செய்துவிட்டேன். சொந்த சேதப் பிரீமியம் சுமார் 11,000, அதில் பாதி போச்சு. அப்பா இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்.

சரி, ஆட்-ஆன்கள். ஷோரூமில் கொடுக்கும் பட்டியலை விட்டுவிட்டு, கார் ராத்திரி எங்கே நிற்கப் போகிறது, யார் ஓட்டப் போகிறார் என்று யோசித்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

ஜீரோ டெப்ரிசியேஷன் எல்லோருக்கும் வேண்டும், குறைந்தது முதல் சில வருடங்களுக்கு. பாகம் பழசானதற்கு என்று கழிக்காமல் முழு விலை தருவது இது. நம் ஊரில் ‘பம்பர் டு பம்பர்’ என்பது இதைத்தான். அது இல்லாத பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலைதான் கிடைக்கும், கார் வாங்கி ஒரு மாதமே ஆகியிருந்தாலும். பம்பர் 8,400 என்றால் 4,200 நம் கையிலிருந்து. ஒவ்வொரு க்ளெய்முக்கும் எப்படியும் நாம் கட்ட வேண்டிய 1,000 ரூபாய் தனி (1500 சிசிக்கு மேல் என்றால் 2,000). இன்றைய கார்களில் வெளியே தெரியும் பாதிப் பாகம் பிளாஸ்டிக்தான். வருடத்துக்கு எத்தனை க்ளெய்ம் என்று கேளுங்கள், சில கம்பெனிகளில் இரண்டோடு நிறுத்திவிடுவார்கள். “பம்பர் டு பம்பர் ஹைகோர்ட் ரூல்” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அப்படி ஒரு உத்தரவு போட்டது உண்மை. செப்டம்பரிலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

எஞ்சின் பாதுகாப்பு ஆட்-ஆன் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நாங்கள் இருப்பது சென்னை பள்ளிக்கரணையில், தரைத்தளப் பார்க்கிங். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அக்கா வீட்டுக்காரர் கார் இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. தண்ணீர் வடிந்ததும் ஓடுகிறதா பார்க்கலாம் என்று சாவியைத் திருப்பினார். ஒரு ‘டக்’ சத்தம், அவ்வளவுதான். சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீர் அமுங்காது, பிஸ்டன் மேலே வந்து அதில் மோதி கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. கார்பெட், சீட், ஒயரிங் எல்லாவற்றுக்கும் சாதாரண பாலிசியில் பணம் வந்தது. எஞ்சினுக்கு வரவில்லை. வெள்ளத்தால் வந்த சேதம் வேறு, வெள்ளத்துக்குப் பிறகு ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் வேறு என்றார் சேதத்தை மதிப்பிட வந்த சர்வேயர். வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் காரை நிறுத்துகிறார்களே, சும்மா இல்லை. இப்படித் தண்ணீர் புகுந்து கெட்ட எஞ்சினுக்குப் பணம் தருவதுதான் இந்த ஆட்-ஆன், என் பாலிசியில் சில நூறு ரூபாய்தான். தண்ணீர் தேங்காத ஊரில், மேட்டில் வீடு என்றால் விட்டுவிடலாம். எடுத்தாலும் தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

‘ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்’ இருந்தால் கார் திருடு போனாலோ முழு நாசமானாலோ ஐடிவிக்குப் பதில் வாங்கிய விலை கிடைக்கும், பல பாலிசிகளில் சாலை வரியும் சேர்ந்து. லட்ச ரூபாய்க்கு மேல் வரி கட்டியிருக்கிறோம், லோனும் 85 சதவீதம். அதனால் எடுத்தேன். ஆயில், நட்டு, போல்ட்டுக்கான கன்ஸ்யூமபிள்ஸ் மலிவு, எடுக்கலாம். சாவி தொலைந்தால், டயர் வெடித்தால், பை திருடு போனால் என்று வருவதெல்லாம் எனக்குத் தேவைப்படவில்லை. சாலையோர உதவியைப் பல கார் கம்பெனிகளே முதல் சில வருடம் தருகின்றன. இரண்டு முறை கட்டாதீர்கள். உரிமையாளருக்கான 15 லட்ச விபத்துக் காப்பீடும் உங்களிடம் வேறு பாலிசியில் ஏற்கெனவே இருந்தால் மறுபடி வேண்டியதில்லை.

இனி ‘ஷோ’ வரிகள். லாஜிஸ்டிக்ஸ் 8,500. கார் ஷோரூமுக்கு வந்து சேரும் செலவு எக்ஸ்-ஷோரூம் விலையிலேயே அடக்கம். “இதுக்கு ரசீது எந்தப் பேர்ல குடுப்பீங்க?” என்று மட்டும் கேட்டேன். அடித்துவிட்டார்கள். அடுத்த தாளில் அதே தொகை ‘டாக்குமென்டேஷன்’ என்ற பெயரில் திரும்பி வந்தது. மறுபடி பென்சில். நம்பர் பிளேட்டுக்கும் தனியாகக் கொடுக்காதீர்கள், 2019 ஏப்ரலுக்குப் பிறகு வரும் கார்களில் அதன் விலையும் கார் விலைக்குள்தான்.

டெஃப்லான் கோட்டிங் 6,500, அடிப்பகுதிக் கோட்டிங் 4,500. இரண்டையும் வேண்டாம் என்றேன். துருத் தடுப்புப் பூச்சு தொழிற்சாலையிலேயே அடித்துத்தான் வருகிறது. பளபளப்பு வேண்டுமென்றால் வெளியே டீட்டெய்லிங் கடைகளில் பாதி விலைக்குக் கேட்டுப் பாருங்கள். 14,900 ரூபாய் ஆக்சசரி கிட்டில் மிதியடி, மட் ஃபிளாப் இரண்டும்தான் எங்களுக்கு உபயோகம், தனியாகக் கேட்டால் தருவார்கள். அக்கா வீட்டுக்காரர் முன்னால் கம்பி பம்பர் போடச் சொன்னார். அது தடை செய்யப்பட்டது, ஏர்பேக் வேலை செய்வதையும் கெடுக்கும். ஸ்டீரியோ போன்றவற்றை வெளியே மாட்டுவதானால் ஒயரை வெட்டி இணைக்க விடாதீர்கள், வாரண்டியில் கை வைப்பார்கள். விலையுள்ள பொருள் என்றால் பாலிசியில் அதைத் தனியாக எழுத வையுங்கள்.

நீட்டித்த வாரண்டியை மட்டும் உடனே மறுக்காதீர்கள். ஆட்டோமேட்டிக் கியர் என்றால் நான் எடுப்பேன். ஆனால் அது கார் கம்பெனியின் வாரண்டியா, ஷோரூம் தானே விற்கும் திட்டமா என்று பாருங்கள். அடிப்படை வாரண்டி முடிவதற்குள் பிறகும் எடுக்கலாம், தள்ளிப் போட்டால் விலை ஏறலாம். என்னுடையது மேனுவல், இன்னும் எடுக்கவில்லை.

டெலிவரிக்கு முன் பாலிசியின் பிடிஎஃப் கையில் வர வேண்டும். பெயர், சேசிஸ் நம்பர், ஐடிவி, லோன் கொடுத்த பேங்க், ஒவ்வொரு ஆட்-ஆனின் பெயர், எல்லாவற்றையும் பாருங்கள். வாயால் சொன்னது பாலிசியில் அச்சாகியிருக்கவில்லை என்றால் அது இல்லை. எனக்கு வந்த பாலிசியில் எஞ்சின் பாதுகாப்பைக் காணோம். அன்று வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் எலுமிச்சம்பழத்தில் ஏற்றிவிட வேண்டும் என்று அம்மா பூஜைத் தட்டோடு நின்றார். “எடுத்துட்டுப் போங்க, சாயங்காலம் மெயில்ல வந்துரும்” என்றார்கள். நான் நகரவில்லை. திருத்திய பாலிசி 11.10-க்கு வந்தது. அம்மா பன்னிரண்டு மணி வரை ஷோரூம் காபியைக் குடித்துக்கொண்டு என்னோடு பேசாமல் உட்கார்ந்திருந்தார்.