ஐந்து குழுவின் பட்டியலை ஒன்றாக்குவது எப்படி

2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் கொட்டிய மழை நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது. தண்ணீர் வடியத் தொடங்கியதும் தாமிரபரணிக் கரையோர ஊர்களுக்கு ஆளாளுக்கு நிவாரணம் கொண்டுபோனார்கள், அதில் ஐந்து குழுக்கள் தங்களிடம் இருந்த வீட்டுப் பட்டியல்களை ஒன்றாக்கினால் ஒரே தெருவுக்கு மூன்று முறை அரிசி போவது நிற்கும் என்று பேசி முடித்து, அந்த வேலையை என் தலையில் கட்டினார்கள். "எக்செல்தானே அண்ணே, காப்பி பேஸ்ட் பண்ணினால் முடிந்தது" என்றார் ஒரு தம்பி. இரண்டு ராத்திரி போனது. அதன் பிறகு இதே மாதிரி வேலை இன்னும் சில முறை வந்தது, ஒவ்வொரு முறையும் அதே இடங்களில்தான் வழுக்கியது. ரத்ததான முகாம், பள்ளி முன்னாள் மாணவர் சங்கம், பறவைக் கணக்கெடுப்பு என்று எதுவாக இருந்தாலும், ஒன்றுக்கு மேற்பட்ட அமைப்புகள் ஒரே பட்டியலில் கை வைக்கப் போகிறீர்கள் என்றால் இது உதவும்.

முதலில் மென்பொருளைப் பற்றிப் பேசாதீர்கள். எதில் வைப்பது, கூகுள் ஷீட்டா எக்செல்லா என்றுதான் எல்லாக் கூட்டமும் தொடங்குகிறது, அது கடைசியில் பத்து நிமிடத்தில் முடிகிற விஷயம். முதல் கேள்வி, ஒரு வரி என்றால் என்ன? எங்கள் ஐந்து பட்டியலில் இரண்டில் ஒரு வரி ஒரு வீடு, ஒன்றில் ஒரு வரி ஒரு ஆள், இன்னொன்றில் ஒரு வரி ஒரு ரேஷன் கார்டு, ஐந்தாவதில் ஒரு வரி என்பது கொடுக்கப்பட்ட ஒரு பை, அதாவது இரண்டு பை வாங்கிய வீடு இரண்டு வரியில் இருந்தது. எல்லாவற்றையும் கீழே கீழே ஒட்டினால் வரும் கூட்டுத்தொகைக்கு எந்த அர்த்தமும் கிடையாது. ஒரே கூரையின் கீழ் இரண்டு அடுப்பு எரிந்தால் ஒரு வீடா இரண்டு வீடா என்பது வரைக்கும் பேசி எழுதிவிடுங்கள். நாங்கள் அடுப்பைக் கணக்கு வைத்தோம்.

அடுத்து எண். பெயரை நம்பிப் பட்டியல்களை இணைக்க முடியாது, நம் ஊரில் சுத்தமாக முடியாது. குடும்பப் பெயர் கிடையாது, தலையெழுத்துதான், அதுவும் ஒரு குழுவிடம் அப்பாவின் தலையெழுத்தோடும் இன்னொரு குழுவிடம் கணவரின் தலையெழுத்தோடும் ஒரே அம்மா பெயர் கொடுத்திருப்பார். போன் எண்ணை நம்பலாமா என்றால், தெருவில் வேலை செய்கிற ஒரே போனின் எண்ணை ஏழு வீட்டுக்காரர்கள் கொடுத்திருந்தார்கள், பாவம் அந்தப் பையனுக்குத்தான் எல்லா அழைப்பும். ஆதார் எண்ணைக் கேட்டால் எளிதாக இருக்குமே என்று யாராவது சொல்வார்கள், வேண்டாம், ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

நாமே எண் கொடுப்பதுதான் வழி. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு எழுத்து, அதன் பின்னால் நான்கு இலக்கம்: அ-0001, ஆ-0001, இ-0001. இப்படி வைத்தால் போனில் சிக்னல் இல்லாத ஊரில் ஐந்து குழுவும் தனித்தனியாக எண் போட்டாலும் மோதாது. அந்த எண்ணை டோக்கன் சீட்டில் எழுதி வீட்டிலும் கொடுத்துவிடுங்கள். அப்புறம் ஒரு கண்டிப்பான விதி: அ-0147ம் ஈ-0032ம் ஒரே வீடு என்று தெரிந்தால் ஒன்றை அழிக்காதீர்கள். 'எதோடு சேர்ந்தது' என்று ஒரு பத்தி வைத்து ஈ-0032க்கு நேரே அ-0147 என்று எழுதுங்கள். ஈ-0032 சீட்டோடு அந்தப் பாட்டி நாளைக்கு வரிசையில் வந்து நிற்பார், அப்போது பட்டியலில் அந்த எண் இல்லை என்று நீங்கள் சொல்லக் கூடாது.

ஊர்ப் பெயருக்கு வருவோம், எனக்கு அதிகம் தூக்கம் போனது இதில்தான். ஸ்ரீவைகுண்டம் என்று ஒருவர், திருவைகுண்டம் என்று ஒருவர், இரண்டுமே சரி. அது கண்ணுக்குத் தெரிகிறது, மாற்றிவிடலாம். ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. ஸ்ரீ என்ற எழுத்தை, கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் 'ஸ'வில் தொடங்கியும் எழுதலாம், 'ஶ'வில் தொடங்கியும் எழுதலாம், பெரும்பாலான எழுத்துருக்களில் திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்று போலவே தெரியும், கணினிக்கோ இரண்டும் வேறு வேறு ஊர். ஃபில்டர் போட்டால் ஸ்ரீவைகுண்டம் இரண்டு முறை வரும், நீங்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்ப்பீர்கள். கொற்கை இன்னொன்று. 'கொ'வின் கொம்பையும் காலையும் ஒரே குறியாக உள்ளிடலாம், கொம்பு தனி, கால் தனி என்றும் உள்ளிடலாம், பழைய சில தட்டச்சு முறைகளில் அப்படித்தான் விழும். இந்தக் கொம்பு-கால் வகைக்கு மருந்து இருக்கிறது, என்எஃப்சி என்ற இயல்பாக்கம், அதாவது இப்படி இரண்டு விதமாக விழுந்ததை ஒரே விதமாக்குவது, பைத்தான் நிரல்மொழி தெரிந்த ஒருவர் குழுவில் இருந்தால் ஒரே வரியில் முடித்துவிடுவார். ஸ்ரீக்கு அது வேலை செய்யாது, தேடி மாற்றத்தான் வேண்டும். கௌரிக்கும் அப்படியே: பாதிப் பேர் கொம்புக்குப் பின்னால் 'ள' எழுத்தையே அடித்து கெளரி என்று வைத்திருப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஊர்ப் பெயரைத் தட்டச்சே செய்யவிடாதீர்கள். கீழ்விரி பட்டியல் வைத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் லோக்கல் கவர்மென்ட் டைரக்டரியில் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு எண் இருக்கிறது, யாரும் இறக்கிக்கொள்ளலாம், அந்த எண்ணைப் பெயருக்குப் பக்கத்தில் வைத்தால் நாளைக்கு அரசுத் தரவோடு ஒப்பிடவும் வசதி. ஒரு எச்சரிக்கை, அதில் வருவாய்க் கிராமத்துக்கு ஒரு எண், கிராம ஊராட்சிக்கு வேறு எண். எதை எடுப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். மாவட்டத்தையும் கவனியுங்கள், 2019, 2020இல் ஆறு புதிய மாவட்டங்கள் வந்து 32 என்பது 38 ஆனது, பழைய கோப்பில் தென்காசி வீடுகள் திருநெல்வேலி என்றே இருக்கும். திருப்பத்தூர் என்று மட்டும் எழுதியிருந்தால் அது சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூரா, வேலூரிலிருந்து பிரிந்து மாவட்டமான திருப்பத்தூரா என்று எந்த ஜோதிடராலும் சொல்ல முடியாது.

டிடிபி கடையில் அடித்து வாங்கிய பட்டியல் ஒன்று கட்டாயம் வரும். பாமினியோ வானவில்லோ ஏதோ ஒரு பழைய எழுத்துருவில் இருக்கும், உங்கள் கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். பயப்பட வேண்டாம், எந்த எழுத்துரு என்று கடைக்காரரிடமே கேட்டு என்எச்எம் கன்வர்ட்டர் மாதிரி ஒன்றில் போட்டு மாற்றிக்கொள்ளலாம். ஊகித்து மாற்றினால் பாதி எழுத்து சரியாகவும் மீதி தப்பாகவும் வந்து உங்களை ஏமாற்றும்.

இனி எக்செல். இதை நான் தினமும் பயன்படுத்துகிறேன், பிடிக்கவும் பிடிக்கும், ஆனால் இது கேட்காமலேயே உதவி செய்கிற ரகம். பழைய கதவு எண், புதிய கதவு எண் என்று 12/4 போட்டால் அது ஏப்ரல் 12 என்று எடுத்துக்கொள்ளும். 4/56 என்றால் 1956 ஏப்ரல். சரி, திருப்பி 12/4 என்று மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பீர்கள், ஆனால் இன்னொருவரின் மடிக்கணினி மாதத்தை முதலில் போடும் அமெரிக்கத் தேதி முறையில் இருந்தால் அதில் 4/12 என்று அடித்ததும் ஏப்ரல் 12 ஆகத்தான் மாறியிருக்கும். எது 12/4, எது 4/12 என்று கோப்பைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை, அந்தத் தெருவுக்குத் திரும்பவும் ஒரு ஆள் நடந்துதான் போனார். 0461 என்று தொடங்கும் தூத்துக்குடித் தொலைபேசி எண்ணில் முன்னால் இருக்கும் பூஜ்யம் காணாமல் போகும். பன்னிரண்டு இலக்கமோ அதற்கு மேலோ உள்ள எண் 1.23E+11 மாதிரி அறிவியல் குறியீட்டுக்கு மாறும், அந்த நிலையில் சிஎஸ்வியாக, அதாவது காற்புள்ளி இட்டுப் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமித்தால் பின்னால் உள்ள இலக்கங்கள் போனது போனதுதான். பதினைந்துக்கு மேற்பட்ட இலக்கங்கள் இருந்தால் மிச்சத்தைப் பூஜ்யமாக்கிவிடும், வங்கிக் கணக்கு எண் வைத்திருப்பவர்கள் கவனம்.

தப்பிக்க வழி சுலபம். அடிக்கத் தொடங்குவதற்கு முன்பே எல்லாப் பத்தியையும் 'டெக்ஸ்ட்' ஆக்கிவிடுங்கள், அடித்த பிறகு மாற்றினால் பயன் இல்லை. யாராவது சிஎஸ்வி அனுப்பினால் இரட்டைக் கிளிக் செய்து திறக்காதீர்கள், 'டேட்டா' மெனு வழியாக உள்ளே கொண்டுவந்து ஒவ்வொரு பத்தியும் டெக்ஸ்ட் என்று சொல்லுங்கள். சேமிக்கும்போது வெறும் சிஎஸ்வி அல்ல, 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் தமிழ் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும். தேதியை 2023-12-21 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் மட்டும்.

காலிக் கட்டம் என்று ஒன்று இருக்கிறது. 'வீட்டில் கைக்குழந்தை' பத்தி காலியாக இருந்தால் குழந்தை இல்லையா, கேட்கவில்லையா, சொல்லவில்லையா? மூன்றுக்கும் தனித்தனி வார்த்தை வைத்து, காலியே கூடாது என்று சொல்லிவிடுங்கள். பால்பவுடர் எத்தனை டப்பா வாங்குவது என்பது இதில்தான் நிற்கிறது.

கோப்பு கைமாறும்போது கூடவே ஒரு குறுஞ்செய்தி போகட்டும்: "412 வரி, மொத்த ஆட்கள் 1,637, கடைசி எண் இ-0412." வாங்கியவர் திறந்து பார்த்து அதே மூன்று எண்ணையும் சொன்னால்தான் கைமாறியதாகக் கணக்கு. இதெல்லாம் பெட்டிக்கடைக் கணக்கு என்று சிரிக்க வேண்டாம். 2020 செப்டம்பர், அக்டோபரில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பில் ஆய்வகங்கள் அனுப்பிய கோவிட் முடிவுகளைப் பழைய எக்செல் வடிவத்தில் ஏற்றினார்கள், அந்த வடிவம் 65,536 வரிக்கு மேல் தாங்காது, மிச்சம் சத்தமில்லாமல் வெட்டுப்பட்டு 15,841 பேரின் பாசிட்டிவ் முடிவு பல நாள் கணக்கில் வராமலே கிடந்தது. அனுப்பியது எத்தனை, ஏறியது எத்தனை என்று ஒருவர் ஒப்பிட்டிருந்தால் அன்றைக்கே பிடித்திருக்கலாம்.

யார் எதை மாற்றலாம் என்பதையும் பிரித்துவிடுங்கள். எல்லாரும் எல்லாவற்றையும் திருத்தலாம் என்று திறந்துவிட்டால் மூன்றாம் நாள் 'இறுதி', 'இறுதி புதுசு', 'இதுதான் இறுதி' என்று மூன்று கோப்புகள் வாட்ஸ்அப்பில் சுற்றும். முகவரி, ஆட்கள் எண்ணிக்கை எல்லாம் பதிவு செய்த குழுவுக்குச் சொந்தம், கொடுத்தாயிற்றா இல்லையா என்ற பத்தி வண்டியில் போகும் குழுவுக்குச் சொந்தம். தப்பைக் கண்ட மற்றவர்கள் நேரடியாகத் திருத்தாமல் தனி ஷீட்டில் எண்ணையும் தப்பையும் எழுதட்டும், சொந்தக்காரர் பார்த்து மாற்றுவார். கூகுள் ஷீட்டில் பத்தி பத்தியாகப் பூட்டலாம், முந்தைய பதிப்புக்கும் திரும்பலாம், அதனால் இந்த வேலைக்கு அது எக்செல்லைவிடத் தேவலை. சிக்னலே இல்லாத ஊர் என்றால் கோபோ டூல்பாக்ஸ் அல்லது ஓடிகே கலெக்ட்: போனில் படிவத்தை நிரப்பி வைத்துக்கொண்டு, இணையம் கிடைக்கும்போது அனுப்பிக்கொள்ளலாம்.

சரி, ஆதார். நிவாரணப் பைக்கு ஆதார் எண் எதற்கு? வாங்கி வைத்தால் காப்பாற்றுவது உங்கள் பாடு, 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இன்ன வேலைக்கு என்று சொல்லி, சம்மதத்தோடு, அதற்குத் தேவையானதை மட்டும் வாங்கு என்றுதான் சொல்கிறது. எங்கள் பட்டியலில் தனியாக வாழும் பெண்களின் பெயர், வீடு, போன் எண் மூன்றும் ஒரே வரியில் இருந்தன, அந்த லிங்க் 'லிங்க் வைத்திருப்பவர் எவரும்' என்ற அமைப்பில் நாலு வாட்ஸ்அப் குழுவில் சுற்றிக்கொண்டிருந்தது. பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது. அன்றைக்கே இரண்டாகப் பிரித்தோம்: வீட்டு எண், ஊர், தேவை மட்டும் உள்ளது எல்லாக் குழுவுக்கும், பெயரும் போனும் உள்ளது பதிவு செய்த குழுவிடம் மட்டும். போன் எண்ணை ஹேஷ் செய்து, அதாவது நேரடியாகத் திருப்பி எடுக்க முடியாத ஒரு குறியீடாக மாற்றி, பகிர்ந்தால் பாதுகாப்பு என்று ஒரு நண்பர் சொன்னார். பத்து இலக்கத்தில் சாத்தியமான எல்லா எண்ணையும் ஒரு சாதாரணக் கணினியே போட்டுப் பார்த்துவிடும், அதை நம்பாதீர்கள். பெயரை எடுத்துவிட்டால் போதும் என்றும் இல்லை, பதினைந்து வீடு உள்ள ஊரில் சக்கர நாற்காலி தேவைப்படும் வீடு எது என்று எல்லாருக்கும் தெரியும்.

எதைப் பகிர்கிறோம், எதற்காக, யார் பார்க்கலாம், என்றைக்கு அழிப்போம் என்று ஒரே பக்கத்தில் எழுதி ஐந்து குழுவும் கையெழுத்துப் போடுங்கள். அழிக்கும் தேதியை முதல் நாளே எழுதிவிட வேண்டும், வேலை முடிந்த பிறகு யாருக்கும் அந்த ஞாபகம் வராது. அந்த நாள் வந்ததும் ஷீட்டை அழித்தால் போதாது, வண்டியில் போனவர்களின் போனில் டவுன்லோட் ஃபோல்டர், வாட்ஸ்அப் கோப்புகள், பட்டியலைப் படம்பிடித்து வைத்த கேலரி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு அழிக்க வைக்க வேண்டும். எங்களுக்கு அதற்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.