மழலையின் முதல் எழுத்து 'ட'வாக இருக்கட்டும்

தமிழில் 247 எழுத்துகள் இருந்தாலும், அவற்றுள் 216 உயிர்மெய்கள் 12 உயிரும் 18 மெய்யும் சேர்ந்து பிறப்பவையே என்பதால் பெற்றோர் மலைக்க வேண்டியதில்லை.

மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கு முதலில் 'அ'வை எழுதக் கொடுப்பதே வழக்கம். ஆனால் சுழியும் வளைவும் நிறைந்த அவ்வெழுத்து பிஞ்சு விரல்களுக்குக் கடினமானது. அதைச் சொல்லவும் அடையாளம் காணவும் மட்டும் பழக்கிவிட்டு, எழுதுவதை 'ட'வில் தொடங்குங்கள். மேலிருந்து கீழே ஒரு கோடு, அங்கிருந்து வலப்புறம் ஒரு கோடு, அவ்வளவுதான். அம்முனையிலிருந்து நேரே மேலேறினால் 'ப'; மேலேறி, இடப்புறம் வளைந்து, மீண்டும் அடிக்கோட்டைத் தொட்டால் 'ம'. புள்ளி வைக்கவும் கற்றுவிட்டால், மூன்றே எழுத்துகளில் 'படம்', 'பட்டம்' என்று பொருளுள்ள சொற்களையே குழந்தை எழுதிவிடும். அப்போது அதன் முகத்தில் தோன்றும் மகிழ்ச்சியைக் காண வேண்டும்!

பென்சிலுக்கு அவசரம் வேண்டாம். தட்டில் பரப்பிய அரிசியிலோ மணலிலோ விரலால் எழுதச் செய்து, ஒவ்வொரு முறையும் ஒலியை உரக்கச் சொல்ல வையுங்கள். 'ன', 'ண' போன்ற ஒத்த வடிவங்களை ஒரே நாளில் கற்பிக்காமல், ஒன்று நன்கு பதிந்த பின்னரே மற்றொன்றைக் காட்டுங்கள். விரல் வலிக்கிறது என்று குழந்தை சொன்னால் உடனே நிறுத்திவிடுங்கள்.