கெர்னல் அப்டேட்டுக்கு அப்புறம் கருப்புத் திரையா?
கிருஷ்ணகிரியில் மாங்கூழ் டப்பாக்களுக்கு லேபிள் வடிவமைக்கிறேன். சீசன் உச்சத்தில், உபுண்டு லினக்ஸில் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அப்டேட் ஆன மறுநாள் திரை கருப்பு. என் தப்புதான்: என்விடியா கிராஃபிக்ஸ் கார்டின் டிரைவரை ரன் கோப்பாக இறக்கி, டிகேஎம்எஸ் (கெர்னல் மாறும்போதெல்லாம் டிரைவரைத் தானாக மறுபடி பொருத்தும் வசதி) வேண்டாம் என்று போட்டிருந்தேன். அப்படிப் போட்டால், கெர்னலோடு சேரும் டிரைவர் பகுதியான மாட்யூல் அன்றைய கெர்னலுக்கு மட்டுமே பொருந்தும்.

கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எழுத்துத் திரை வரும். வராவிட்டால் ரீபூட் செய்து, தொடக்கத்தில் வரும் கிரப் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். லாகின் செய்து ‘சூடோ என்விடியா-அன்இன்ஸ்டால்’ கொடுங்கள். இதைச் செய்யாமல் அதன் மேலேயே உபுண்டுவின் நிறுவல் கருவியான ஆப்ட் வழியாக இன்னொன்றைப் போடாதீர்கள். இரண்டின் கோப்புகளும் குழம்பி, எது எங்கே என்று தேடியே அரைநாள் போகும். எனக்குப் போனது. அப்புறம் ‘சூடோ உபுண்டு-டிரைவர்ஸ் இன்ஸ்டால்’, ரீபூட். ‘என்விடியா-எஸ்எம்ஐ’ என்று அடித்து, டிரைவர் பதிப்போடு அட்டவணை வந்தால் சரி.