பொத்தானை அழுத்தியதும் திரை கறுக்கிறதா? நெட்வேர்க் ஏ.வி.யில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளவத்தையில் ஒரு கலியாண மண்டபம். மணவறைக் கமரா, லப்டொப், எல்.ஈ.டி. சுவர், சாப்பாட்டு மண்டப ரி.வி.கள் எல்லாம் ஒரே நெட்வேர்க்கில். இதுதான் நெட்வேர்க் ஏ.வி.: படத்தை நெட்வேர்க்கில் ஏற்றுவது என்கோடர், திரைப்பக்கம் அதைத் திரும்பப் படமாக்குவது டிகோடர். கெட்டிமேளம் கேட்டதும் கமராவுக்கு மாற்றினால் நாலு செக்கன் திரை கறுப்பு. தாலி ஏறிய கணம் போனது போனதுதான். உடனே புது என்கோடர் வாங்க ஓடுவதுதான் முதல் தவறு. தாமதம் எங்கே என்று பார்க்காமல் வாங்கினால் புதியதும் அப்படியே கறுக்கும்.

பொத்தானும் திரையும் சேர்ந்து தெரியும்படி போனில் 240 பிரேம் ஸ்லோமோஷன் எடுங்கள். ஒரு பிரேம் ஏறக்குறைய 4 மில்லிசெக்கன். இடையில் ரி.வி. 'சிக்னல் இல்லை' என்று காட்டினால் கோளாறு டிகோடரின் வெளியீட்டில். பழைய படம் உறைந்து நின்றாலோ, கட்டம் கட்டமாக உடைந்தாலோ நெட்வேர்க்கையும் கோடெக்கையும் (படத்தைச் சுருக்கி விரிக்கும் முறை) பாருங்கள்.

டிகோடரை, வருவதை அப்படியே வெளியே விடும்படி வைப்பது அடுத்த தவறு. லப்டொப் 60 ஹெர்ட்ஸ், கமரா 50 ஹெர்ட்ஸ் என்றால் மாற்றும்போதெல்லாம் ரி.வி. சிக்னலைப் புதிதாகப் பிடிக்கவேண்டும், எச்.டி.சி.பி. (நகலெடுப்புத் தடுப்பு) சரிபார்ப்பும் முதலிலிருந்து நடக்கும். டிகோடரின் ஸ்கேலரை (படத்தின் அளவை மாற்றும் பகுதி) இயக்கி வெளியீட்டை ஒரே அளவில் நிறுத்துங்கள். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மண்டப விளக்கின் கீழ் கமராப் படம் துடிக்காமல் இருப்பதற்கும் 50தான் நல்லது. ஆகவே எல்லாவற்றையும் 1080பி 50இல் வைப்பதே எங்கள் தெரிவு. என்கோடரின் ஈ.டி.ஐ.டி.யில் (எந்தப் படமும் ஒலியும் ஏற்கும் என்று லப்டொப்புக்கும் கமராவுக்கும் சொல்லும் தகவல்) அதையும், இரண்டு சனல் 48 கிலோஹெர்ட்ஸ் பி.சி.எம். (சுருக்காத) ஒலியையும் மட்டும் கொடுங்கள். டொல்பியிலிருந்து பி.சி.எம்.முக்கு ஒலி தாவினால், படம் வந்த பிறகும் அம்ப்ளிபயர் சத்தமில்லாமல் நிற்கும்.

நெட்வேர்க்கில் பலரும் கவனிக்காத இடம், பழைய ஓடையை (ஒரு என்கோடர் அனுப்பும் படத்தொடர்) விட்டு விலகும் நேரம். ஐ.ஜி.எம்.பி. (எந்த ஓடை வேண்டும் என்று டிகோடர் நெட்வேர்க்குக்குச் சொல்லும் முறை) இரண்டாம் பதிப்பில் டிகோடர் 'விலகுகிறேன்' என்று சொன்னதும், வேறு யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு செக்கன் இடைவெளியில் இரண்டு தரம் கேட்கப்படும். அந்த 2 செக்கனும் பழைய ஓடை டிகோடரின் சுவிட்ச் போர்ட்டுக்கு வந்துகொண்டே இருக்கும். ஓடை ஒன்று 800 மெகாபிட் என்றால் 1 ஜிகாபிட் போர்ட்டில் இரண்டுக்கும் இடமில்லை. புதுப் படத்தின் தரவுப் பொட்டலங்கள் விழுந்துவிடும். டிகோடர் செருகிய போர்ட்டில் பாஸ்ட் லீவ் (கேட்டுக் காத்திராமல் பழைய ஓடையை உடனே நிறுத்தும் அமைப்பு) போடுங்கள். ஆனால் அந்த போர்ட்டில் ஒரேயொரு டிகோடர்தான் இருக்கவேண்டும். புறக்கோட்டையில் வாங்கிய சின்ன சுவிட்சை இடையில் வைத்து இரண்டு டிகோடர் பிரித்திருந்தால், ஒன்று விலகும்போது மற்றதன் படமும் போய்விடும். சுவிட்சுகளை இணைக்கும் போர்ட்டில் பாஸ்ட் லீவ் போடவே கூடாது.

ஸ்னூப்பிங் (யார் எந்த ஓடையைக் கேட்டார் என்று சுவிட்ச் பதிந்து, அவருக்கு மட்டும் அனுப்புவது) இயக்கிவிட்டு குவேரியரை (இன்னும் வேண்டுமா என்று அவ்வப்போது கேட்பது) மறப்பதும் உண்டு. வழமையான அமைப்பில் 260 செக்கனில் பதிவுகள் காலாவதியாகும். நாலேகால் நிமிடம் நன்றாக ஓடிய படம் திடீரென நின்றால் முதலில் இதைப் பாருங்கள். ஓடைகளுக்குக் கொடுக்கும் முகவரியிலும் கவனம் வேண்டும்: 239.0.0.5, 239.128.0.5 இரண்டுக்கும் மெக் முகவரி (சுவிட்ச் பார்க்கும் கீழ்நிலை முகவரி) ஒன்றே. மெக்கை வைத்துப் பிரிக்கும் சுவிட்ச் இரண்டையும் சேர்த்தே அனுப்பும்.

கோடெக் எச்.264 என்றால் கீபிரேம் (மற்றப் பிரேம்களைச் சாராத முழுப்படம்) வரும்வரை டிகோடர் காத்திருக்கும். 50 பிரேம் ஓடையில் கீபிரேம் இடைவெளி 100 என்றால் 2 செக்கன் வரை காத்திருப்பு. 25ஆகக் குறைத்தால் கூடினால் அரைச் செக்கன். பிட்ரேட்டைக் கொஞ்சம் கூட்டவேண்டிவரும். பின்னால் வரும் பிரேமையும் சார்ந்திருக்கும் பி-பிரேமையும் நிறுத்திவிடுங்கள்.

கரண்ட் போய் வந்த பிறகு மட்டும் அரை நிமிடம் படம் வராவிட்டால், அது பழைய ஸ்பானிங் ட்ரீயின் (சுவிட்சுகளுக்கிடையே தரவு சுற்றிச் சுழலாமல் தடுக்கும் முறை) 15 செக்கன் வீதமான இரண்டு கட்டங்கள். என்கோடர், டிகோடர் போர்ட்டுகளில் போர்ட்பாஸ்ட் (அந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் அமைப்பு) போட்டால் போதும்.