ஃபிளாஷ் போட்டா மூஞ்சி ஏன் எண்ணெய் வழியுது? டிஃப்யூசரை எப்படி யூஸ் பண்றது?

வளைகாப்பு, காதுகுத்து, நிச்சயதார்த்தம்னு வீட்டுக்குள்ள நடக்குற ஃபங்ஷன்ல கேமரா மேல இருக்குற ஃபிளாஷை நேரா மூஞ்சில அடிச்சா என்ன ஆகும்னு தெரியும்ல, நெத்தி பளபளன்னு மின்னும், பின்னாடி சுவத்துல கருப்பா ஒரு நிழல் ஒட்டிக்கும், பட்டுப்புடவை ஜரிகை வெள்ளையா வெளுத்துப் போயிருக்கும். உடனே ஆன்லைன்ல ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டப்பா வாங்கி மாட்டுவோம், பெருசா ஒண்ணும் மாறாது, டிஃப்யூசரே வேஸ்ட்டுன்னு தூக்கிப் போட்டுடுவோம்.

அந்த டப்பா என்ன வேலை செய்யுதுன்னு முதல்ல பாப்போம். லைட் சாஃப்டா வர்றது அதோட சைஸ வச்சுதான், அதாவது ஆளு நிக்கிற இடத்துல இருந்து பாத்தா லைட் எவ்ளோ பெருசா தெரியுதுங்கிறதுதான் கணக்கு. கேமரா மேல இருக்குற ஹாட் ஷூங்கிற ஸ்லாட்டுல மாட்டுற ஃபிளாஷோட தலை சுமாரா 7 செ.மீ அகலம், 5 செ.மீ உயரம் இருக்கும். அது மேல அதே சைஸ்ல டப்பா மாட்டினா பாக்குறவருக்கு லைட் கிட்டத்தட்ட அதே சைஸ்லதான் தெரியும், அப்புறம் எங்க இருந்து சாஃப்ட் ஆகும்? 20க்கு 30 செ.மீ குட்டி சாஃப்ட்பாக்ஸ் (முன்பக்கம் வெள்ளைத் துணி போட்ட பெட்டி) மாட்டினா பரப்பளவு 17 மடங்கு ஆயிடும், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும், ஆனா அதுவும் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் தூரத்துலதான். நாலு மீட்டர் தள்ளி நின்னு அடிச்சா அதுவும் சின்ன லைட்டுதான்.

லைட் சாஃப்டா இருக்கான்னு கண்டுபிடிக்க ஒரு ஈஸி வழி, போட்டோவ ஜூம் பண்ணி கழுத்துல விழுற ஜிமிக்கி நிழலப் பாருங்க. பிளேடால வெட்டின மாதிரி ஷார்ப்பான ஓரமா இருந்தா ஹார்டு லைட், ஓரம் எங்க முடியுதுன்னே தெரியாம கரைஞ்சு போச்சுன்னா சாஃப்ட். கேமரா ஸ்க்ரீன்ல பிரைட்டா அழகா இருக்கேன்னு நம்பாதீங்க, ஜிமிக்கியப் பாருங்க.

அப்ப டப்பா டிஃப்யூசரால யூஸே இல்லையான்னா, இருக்கு. அது லைட்ட எல்லாப் பக்கமும் செதறடிக்கும், மேல சீலிங், ரெண்டு பக்கச் சுவர் எல்லாத்துலயும் பட்டுத் திரும்பி வரும், அந்தச் சுவர்தான் இப்ப பெரிய லைட். அதனால வெள்ளை பெயிண்ட் அடிச்ச, பத்தடி உயர கான்க்ரீட் கூரை இருக்குற ரூம்ல நல்லா வேலை செய்யும், ஃபிளாஷ் தலைய 45ல இருந்து 60 டிகிரி மேல தூக்கி வச்சுக்கணும், நேரா நீட்டக் கூடாது. மொட்டை மாடியிலயும் உயரமான கல்யாண மண்டபத்துலயும் திரும்பி வர ஒண்ணும் இல்லாததால பாதி லைட் வானத்துக்குப் போயிடும், பேட்டரி தீர்றதுதான் மிச்சம்.

அதிகம் காசு செலவு பண்ணாம செய்யணும்னா ஃபேன்சி ஸ்டோர்ல கிராஃப்ட் வேலைக்கு விக்கிற வெள்ளை ஃபோம் ஷீட் ஒண்ணு வாங்குங்க, பாதியா வெட்டி ஃபிளாஷ் தலைக்குப் பின்னாடி ரப்பர் பேண்டு போட்டு நிக்க வச்சு, தலைய மேல பாத்து திருப்புங்க. முக்கால்வாசி லைட் சீலிங்குக்குப் போயி மேல இருந்து இறங்கும், கொஞ்சம் அட்டைல பட்டு முன்னாடி வந்து கண்ணுக்குக் கீழ இருக்குற கருப்ப நிரப்பும், கண்ணுல ஒரு புள்ளி வெளிச்சமும் கிடைக்கும். எனக்குக் கேட்டா பல டிஃப்யூசரவிட இதான் பெஸ்ட்டு.

கேமராவோட வர்ற பாப்அப் ஃபிளாஷ் மட்டும்தான் இருக்கா? டிரேசிங் பேப்பர வளைச்சு ஃபிளாஷுக்கு முன்னாடி அஞ்சாறு செ.மீ தள்ளி நிக்கிற மாதிரி செல்லோடேப் போட்டு ஒட்டுங்க, ஒட்டினாப்ல வைக்காதீங்க, தள்ளி வச்சாதான் பேப்பர் முழுக்க வெளிச்சம் பரவி சைஸ் பெருசாகும். லென்ஸ் ஹூட கழட்டிடுங்க, இல்லன்னா போட்டோவுக்குக் கீழ அரைவட்டமா நிழல் விழும். இந்த மாதிரி ஃபிளாஷோட கைட் நம்பர் (ஃபிளாஷோட பலத்தக் காட்டுற எண்) பொதுவா 12 மீட்டர் கிட்டதான் இருக்கும், அத எஃப் நம்பரால (லென்ஸ் துவாரத்தோட அளவு) வகுத்தா எட்டுற தூரம் வரும், அதாவது ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்த உணர்ற அளவு) 100, எஃப் 5.6ல ரெண்டு மீட்டர்தான் எட்டும். ஐஎஸ்ஓ 400 வச்சா நாலு மீட்டர், அதுல பேப்பர் ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சத்த முழுங்கினா கிட்டத்தட்ட 2.8 மீட்டர், அவ்ளோதான் ஆயுசு, கிட்டப் போயி எடுங்க.

செட்டிங்ஸ்: மேனுவல் மோடுல எஃப் 4, ஷட்டர் 1/100, ஐஎஸ்ஓ 800, ஃபிளாஷ் டிடிஎல் (லென்ஸ் வழியா வர்ற வெளிச்சத்த அளந்து கேமராவே ஃபிளாஷ் பவர முடிவு பண்ற மோடு). நம்மூரு கரண்ட் 50 ஹெர்ட்ஸ், டியூப் லைட் செகண்டுக்கு நூறு தடவ மினுங்கும், அதனால 1/100 வச்சா போட்டோவுக்குப் போட்டோ பேக்ரவுண்டு மாறாது. டிடிஎல் டிஃப்யூசர் முழுங்குற லைட்டையும் சேத்தே அளந்துக்கும், ஃபிளாஷையும் மேனுவல்ல வச்சிருந்தா நீங்கதான் பவர ஏத்தணும். வெள்ளை வேட்டி சட்டைல நாலு பேர் நின்னா டிடிஎல் ஏமாந்து டல்லா எடுக்கும், ஃபிளாஷ் காம்பன்சேஷன் (ஃபிளாஷ் வெளிச்சத்த ஏத்தி இறக்குற செட்டிங்) பிளஸ் 0.7 வைங்க. கருப்பு கோட்டுன்னா அதுக்கு எதிர், மைனஸ்.

கலர் விஷயத்துல ஜாக்கிரதை. பச்சை சுவத்துல பட்டு வர்ற லைட்டு பச்சையாதான் வரும், மாப்பிள்ளை மூஞ்சி மஞ்சகாமாலை மாதிரி ஆயிடும், ரோஸ் கலர் ஷாமியானா துணிக்குக் கீழயும் இதே கததான். அந்த மாதிரி எடத்துல பவுன்ஸ் (சுவர், சீலிங்ல அடிச்சு திருப்பி வர வைக்கிறது) ஆசைய விட்டுட்டு குட்டி சாஃப்ட்பாக்ஸ் போட்டு கிட்ட நின்னு எடுங்க, ஆளையும் சுவத்த விட்டு நாலடி முன்னாடி வரச் சொல்லுங்க, நிழல் பாதி கீழ இறங்கிடும்.

வெயில்ல எடுக்கறப்ப டப்பாவ கழட்டிப் பையில போட்டுடுங்க. அங்க ஃபிளாஷோட வேலை கண்ணுக்குக் கீழ இருக்குற நிழல லேசா நிரப்புறது மட்டும்தான், காம்பன்சேஷன் மைனஸ் 1ல ஆரம்பிங்க, சிங்க் ஸ்பீடு (சாதாரணமா ஃபிளாஷோட சேந்து வைக்கக்கூடிய அதிகபட்ச ஷட்டர் வேகம்) நிறைய கேமராவுல 1/200 இல்லன்னா 1/250, அதைத் தாண்டணும்னா ஹை ஸ்பீடு சிங்க் ஆன் பண்ணணும், அப்ப பவர் ரொம்பக் குறையுங்கிறதால ஆளுக்கு இன்னும் கிட்டப் போகணும்.